பெட்ரோலை ஏந்தும் கலன்கள்

இந்தியப் பெட்ரோலியச் சட்டம் 1934-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. விற்பனைக்காக அன்றிச் சொந்தத் தேவைக்காக 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருப்பவர் உரிமம் பெறத் தேவையில்லை என்று கூறும் அதன் 8-ஆம் பிரிவு, அந்தப் பெட்ரோலை இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் ஜாடி அல்லது உலோகக் கலனில் வைக்க வேண்டும் என்றும், கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கும் உலோகம் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது என்றும் வரையறுக்கிறது. பிளாஸ்டிக் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. இங்கிலாந்தின் வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் பாலிஎத்திலீன் என்ற மெழுகு போன்ற வெண்பொருள் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1933 மார்ச்சில்தான். இன்று கேன் செய்யப் பயன்படும் உறுதியான வகையான உயரடர்த்தி பாலிஎத்திலீனை ஜெர்மனியின் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்தில் உருவாக்கியது 1953-இல். சட்டம் எழுதப்பட்ட காலத்தில் கேள்வியே எழாத ஒரு பொருளில்தான் இன்று உலகெங்கும் பெரும்பாலானோர் பெட்ரோலைச் சுமந்து செல்கிறார்கள். உலோகம், பிளாஸ்டிக் ஆகிய இவ்விரண்டில் எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு விடை காண, முதலில் பெட்ரோலில் எரிவது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. ஒரு திரவம் தீப்பொறி பட்டவுடன் கணநேரம் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை வெளிவிடத் தொடங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர். இந்தியாவில் விற்கப்படும் மண்ணெண்ணெய்க்கு இது 35 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. பெட்ரோலுக்கோ இது சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி. ஆகவே மார்கழிப் பனியிலும் ஊட்டியின் உறைபனி இரவிலும்கூடப் பெட்ரோல் தீப்பிடிக்கத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தவழ்ந்து, தாழ்வான இடங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கி, சற்றுத் தொலைவில் எரியும் அடுப்பை எட்டிய பின் தீயாகத் திரும்பி வரவும் கூடும்.

காற்றில் இந்த ஆவி எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் எரியும் என்பதில்லை. நூற்றுக்கு 1.4 பங்குக்குக் குறைந்தால் எரிய ஆவி போதாது; 7.6 பங்கை மிஞ்சினால் எரிக்கக் காற்று போதாது. இடைப்பட்ட இந்தக் குறுகிய அளவை எரிதகு வீச்சு என்று அழைக்கலாம். ஒரு டம்ளர் பெட்ரோல், அதாவது 200 மில்லிலிட்டர், முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 35 லிட்டர் ஆவி கிடைக்கும். அது காற்றில் 1.4 விழுக்காடாகப் பரவினால் இரண்டரைக் கன மீட்டர் இடத்தை எரிதகு கலவையால் நிரப்பும். ஒரு சிறிய காரின் உட்புறம் ஏறக்குறைய அவ்வளவுதான். காரின் பின்பகுதியில் சரிந்து கிடக்கும் கேனின் மூடியிலிருந்து ஒரு டம்ளர் அளவு கசிவது எத்தனை பெரிய செய்தி என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

இதே கணக்கு மூடிய கேனுக்குள் வேறு விதமாக விழுகிறது. 30 டிகிரி வெப்பத்தில், திரவத்துக்கு மேலே உள்ள இடைவெளியில் ஏறக்குறைய பாதியைப் பெட்ரோல் ஆவியே அடைத்துக்கொள்கிறது. 7.6 என்ற மேல் வரம்பை அது எப்போதோ கடந்துவிட்டதால், முக்கால் கேன் பெட்ரோல் உள்ள மூடிய கலனின் உட்புறம் எரிய முடியாத அளவுக்கு ஆவி மிகுந்தது. அபாயம் கேனின் வாயில் இருக்கிறது. நிரப்பும்போது உள்ளே புகும் பெட்ரோல் அதே கன அளவு ஆவியை வெளியே தள்ளுகிறது. ஊற்றும்போது வெளியேறும் பெட்ரோலின் இடத்துக்குக் காற்று உள்ளே நுழைகிறது. இரண்டு வேளைகளிலும் ஏதோ ஓர் இடத்தில் கலவை எரிதகு வீச்சைத் தொட்டே தீரும். உலோகமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியின் பெரும்பகுதி இந்த இரண்டு வேளைகளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியதே.

உலோகக் கலன் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு போர் உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெட்ரோலை நான்கு காலன் கொள்ளும் மெல்லிய தகர டின்களில் கொண்டு சென்றது. மண்ணெண்ணெய் வந்திறங்கி, பின்னர் நம் ஊர்களில் தண்ணீர் சுமக்கும் டின்னாகவும் கூரைத் தகடாகவும் மாறிய அந்தப் பழைய நாலு காலன் டின்னின் உறவுதான் அது. லாரியின் குலுக்கலில் அதன் ஈயப் பற்றுவைப்பு விட்டுப்போனது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருந்தவை நசுங்கின. தளத்திலிருந்து வண்டிக்கு வந்து சேர்வதற்குள் சுமார் 30 விழுக்காடு எரிபொருள் வீணானதாக அக்காலப் படைத் தலைமையே மதிப்பிட்டது. கசிந்த அத்தனையும் லாரியின் அடித்தட்டில் ஆவியாகத் தேங்கியிருக்கும் என்பதை எண்ணினால், அந்த ஓட்டுநர்கள் எதன் மேல் அமர்ந்து பயணம் செய்தார்கள் என்பது விளங்கும்.

எதிரணியிடம் இருந்த கலன் முற்றிலும் வேறானது. ஷ்வெல்ம் நகரின் மியுல்லர் நிறுவனத்தில் வின்சென்ஸ் குரூன்ஃபோகல் என்ற பொறியாளர் 1937-இல் வடிவமைத்த 20 லிட்டர் எஃகுக் கேனைப் பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியரைக் குறித்த கொச்சைப் பெயரால் ஜெர்ரி கேன் என்று அழைத்தனர். கைப்பற்றிய இடங்களிலெல்லாம் தங்கள் டின்களை எறிந்துவிட்டு அதை எடுத்துக்கொண்டனர். அதன் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. உடல் முழுவதும் அழுத்தி வடித்த இரண்டே எஃகுத் தகடுகளால் ஆனது. அவை சேரும் ஒரே பற்றவைப்புக் கோடு ஒரு பள்ளத்துக்குள் ஒதுங்கியிருப்பதால், கேன் கீழே விழுந்தாலும் அடி அந்தக் கோட்டில் படுவதில்லை. பக்கங்களில் பெருக்கல் குறி போன்று பதிந்த வரிப்பள்ளங்கள், உள்ளிருக்கும் பெட்ரோல் வெயிலில் விரியும்போது தகடு சற்று வெளியே தள்ளிக்கொடுக்கவும் குளிரும்போது பழைய நிலைக்குத் திரும்பவும் உதவுகின்றன. பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்ப உயர்வுக்கும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு விரிவடையும். காலை 25 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர், பூட்டிய வண்டிக்குள் 55 டிகிரியை அடைந்தால் அரை லிட்டருக்கு மேல் கூடுதல் இடம் கேட்கும். ஜெர்ரி கேனின் கைப்பிடிகளுக்குக் கீழே உள்ள மேடான பகுதியில் பெட்ரோல் ஏறாத காற்றறை ஒன்று எப்போதும் எஞ்சுமாறு அதன் வாய் அமைக்கப்பட்டுள்ளது. முழுதாக நிரப்பிய கேன்கூட நீரில் மிதப்பதும் அந்த அறையால்தான்.

மூன்று கைப்பிடிகளில் நடுவில் உள்ளதைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரக் கைப்பிடிகளைப் பிடித்து இருவர் பகிர்ந்து சுமக்கலாம். காலிக் கேன்களானால் ஒரே ஆள் ஒரு கைக்கு இரண்டாக நான்கைக் கொண்டு செல்லலாம். மூடி திருகு வகை அல்ல. நெம்புகோல் போல அழுத்தி, ரப்பர் வாஷரின் மேல் இறுகி, ஊசி மாட்டிப் பூட்டிக்கொள்வது. கழுத்துக்குள் ஓடும் ஒரு சிறு காற்றுக்குழாய், பெட்ரோல் வெளியேறும் வேகத்திலேயே காற்றை அறைக்குள் விடுவதால் களக் களக்கென்ற துள்ளலும் சிந்தலும் இல்லை. துருவைத் தடுக்க உட்புறம் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. கசிவையும் சிந்தலையும் தடுப்பதே தீயைத் தடுப்பதன் முதல் படி என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் வேறொன்று இல்லை.

ஆயினும் உலோகம் என்பதாலேயே ஒரு கலன் பாதுகாப்பானதாகிவிடாது என்பதை அமெரிக்காவின் பிக்கப் லாரிகள் காட்டின. அந்நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வுக்கான தேசிய நிறுவனம் 1998-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: லாரியின் பின்தட்டில் கீறல் விழாமலிருக்கப் போடப்படும் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பெட்ரோல் கேனை வைத்தபடியே நிரப்பியபோது தீ மூண்ட நிகழ்வுகள் தொடர்ந்து பதிவாகின. அங்கே நெருப்பும் இல்லை, புகைப்பவரும் இல்லை. பொறி எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். பெட்ரோல் பங்கின் ரப்பர் குழாய்க்குள் அது விரைந்து ஓடும்போது, குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்திலிருந்து மின்னூட்டங்கள் பிரிகின்றன. ஒரு வகை சுவரில் தங்க, மற்றது பெட்ரோலோடு கேனுக்குள் போய்ச் சேர்கிறது. சீப்பால் தலை வாரிக் காகிதத் துண்டை ஈர்க்கும் அதே நிலைமின்சாரம்தான் இது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் துணியிலும் தோலிலும் சேரும் மின்னூட்டம் விரைவில் வடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குள் பிறக்கும் மின்னூட்டத்துக்கு வெளிக்காற்றின் ஈரம் தெரியாது. தரையில் வைத்த உலோகக் கேனுக்கு வந்த மின்னூட்டம் தரை வழியே வடிந்துவிடும். பிளாஸ்டிக் விரிப்பு அந்த வழியை அடைத்துவிடுகிறது. தரையோடு தொடர்பற்ற உலோகம், வந்து சேரும் மின்னூட்டம் முழுவதையும் தேக்கி வைத்து, பூமியோடு இணைந்த நாசில் அருகே வந்த நொடியில் அத்தனையையும் ஒரே பொறியாகக் கொட்டுகிறது.

அந்தப் பொறியின் அளவை மதிப்பிட்டுவிடலாம். 20 லிட்டர் உலோகக் கேனின் மின்தேக்குதிறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் ஆற்றல், 20 பிகோஃபாரட் அளவில் இருக்கும் என்று கொள்வோம். அது 10,000 வோல்ட் வரை மின்னேறினால் தேங்கும் ஆற்றல் ஒரு மில்லிஜூல். ஓர் ஊசி மேசையிலிருந்து தரையில் விழும்போது வெளிப்படும் ஆற்றலை ஒத்த அற்பமான அளவு இது. ஆனால் எரிதகு கலவையில் உள்ள பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூலே போதும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று தைக்கும் அதிர்ச்சியிலேயே இதைவிட அதிக ஆற்றல் இருக்கக்கூடும், ஏனெனில் மனித உடலின் தேக்குதிறன் கேனினுடையதைப் போல் பல மடங்கு.

பிளாஸ்டிக் கேனில் இதே கதை வேறு வடிவம் எடுக்கிறது. பிளாஸ்டிக் கடத்தாப் பொருள் என்பதால் அதன் மேற்பரப்பில் சேர்ந்த மின்னூட்டம் ஒரே பொறியாகத் திரண்டு பாய்வதில்லை. ஆங்காங்கே தங்கி, தூரிகை போல் விரிந்த சிறு பொறிகளாகத்தான் வெளியேறும். இது ஓரளவுக்கு நன்மையே என்றாலும், அந்தச் சிறு பொறிகளும் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க வல்லவை; மேலும் கேனைத் தரையில் வைத்தாலும் அந்த மின்னூட்டம் முழுவதும் வடிந்துவிடாது. கலப்பு இதனினும் கேடானது. பிளாஸ்டிக் கேனின் வாயில் உலோகப் புனலைச் செருகினால், அந்தப் புனல் தரையோடு தொடர்பற்ற தனி உலோகமாகிப் பொறியைத் தேக்கும் கலனாகவே மாறிவிடுகிறது. உலோகக் கேனில் பிளாஸ்டிக் புனலைச் செருகினாலோ, நாசிலுக்கும் கேனுக்கும் இடையிலான உலோகத் தொடர்பு அறுந்துபோகிறது.

இதனால்தான் எந்தக் கேனானாலும் வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசிலின் முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்ப வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. நம் ஊர்ப் பங்குகளில் பிக்கப் லாரிகள் குறைவு. அதன் இடத்தை ஸ்கூட்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டரின் கால்வைக்கும் தட்டில் ரப்பர் பாய் விரித்து, அதன் மேல் கேனை இரு பாதங்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, இருக்கையிலிருந்து இறங்காமலேயே பெட்ரோல் பிடிப்பவர், அமெரிக்க லாரியின் பிளாஸ்டிக் விரிப்பை அப்படியே மறுபடி அமைத்துவிடுகிறார். கேன் தரையைத் தொடவில்லை, டயர்கள் ரப்பர், வெளியேறும் ஆவி அவருடைய மடிக்கு நேர் கீழே. கேனை இறக்கித் தரையில் வைக்கத் தேவைப்படுவது ஐந்து நொடி. அந்த ஐந்து நொடியை ஒவ்வொரு பங்கிலும் வற்புறுத்த வேண்டும்.

பிளாஸ்டிக்கின் சொந்தக் குறைகள் மெதுவானவை. பாலிஎத்திலீன் கண்ணுக்குத் திண்மையாகத் தெரிந்தாலும், அதன் சங்கிலி மூலக்கூறுகள் ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதிகளில் பெட்ரோலின் சிறு மூலக்கூறுகள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறுகின்றன. மூடி இறுக்கமாக இருந்தும் பிளாஸ்டிக் கேன் வைத்த அறையில் பெட்ரோல் வாசம் வீசுவதற்கு இந்த ஊடுருவலும் ஒரு காரணம். அமெரிக்காவில் 2009 முதல் தயாராகும் கேன்களில் இவ்வாறு வெளியேறுவது ஒரு காலன் கொள்ளளவுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராமுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டதால், சுவருக்குள் நைலான் போன்ற தடுப்புப் படலத்தை வைத்தோ உட்பரப்பை ஃபுளூரினால் பதப்படுத்தியோ செய்கிறார்கள். வெயில் மற்றொரு எதிரி. புற ஊதாக் கதிர் சங்கிலிகளை அறுத்துப் பிளாஸ்டிக்கை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவருகிறது. மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த கேன், பார்வைக்கு நிறம் வெளுத்ததோடு சரி என்று தோன்றினாலும், கீழே விழுந்தால் மூலையில் வெடிப்பு விடும். எஃகுக்குத் துரு உண்டு என்பதை மறக்கலாகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, அளவு மீறும்போது நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்க, பூச்சு உரிந்த இடத்தில் கேனை உள்ளிருந்தே அரிக்கும். ஆனால் துரு கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக்கின் மூப்பு எளிதில் தெரிவதில்லை.

இவை அனைத்தும் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட தடித்த சுவர்க் கேனைப் பற்றியவை. தண்ணீர் பாட்டிலைப் பற்றிப் பேச்சே வேண்டியதில்லை. அதன் மெல்லிய சுவரும், குளிர்பானத்துக்கென அமைந்த மூடியும், வெயிலில் உப்பும் தன்மையும் ஒருபுறம் இருக்க, அதன் மிகப் பெரிய கேடு அது தண்ணீர் பாட்டிலைப் போலவே இருப்பதுதான். தாகத்தில் ஒரு குழந்தை ஒரு வாய் விழுங்கி, புரையேறி, பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால், சிறிதளவே ஆனாலும் உயிருக்கு ஆபத்தான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். பாட்டிலில் பெட்ரோல் தரப்பட மாட்டாது என்ற பங்கின் பலகையைக் கண்டு சலித்துக்கொள்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊற்றும்போது நேரும் விபத்து இன்னொரு வகை. குப்பையிலோ ஈர விறகிலோ தீ மங்குகிறதென்று கேனிலிருந்து நேராக ஊற்றுபவர்களின் கேனில் பெரும்பாலும் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். பழைய பெட்ரோலானால் எளிதில் ஆவியாகும் பகுதி முன்பே போயிருக்கும். ஊற்றச் சாய்க்கும்போது காற்றும் உள்ளே புகும். இந்த நிலையில் கேனின் உட்புறமே எரிதகு வீச்சுக்குள் வந்துவிடுகிறது. தீ ஊற்றுத் தாரையின் வழியே ஏறி உள்ளே நுழைந்தால், உள்ளிருக்கும் கலவை ஒரே நொடியில் எரிந்து, எஞ்சிய பெட்ரோலை நெருப்புத் தாரையாக எதிரே நிற்பவர் மேல் பீய்ச்சும். இதைத் தடுக்கும் வழி இருநூறு ஆண்டுப் பழமையானது. நிலக்கரிச் சுரங்கங்களுக்காக ஹம்ப்ரி டேவி 1815-இல் அமைத்த விளக்கில் சுடரைச் சுற்றிக் கம்பிவலை இருந்தது. வலையின் நுண்துளைகள் வழியே செல்ல முயலும் தீ, தன் வெப்பத்தை உலோகத்திடம் இழந்து அணைந்துவிடும். அதே வலையைக் கேனின் கழுத்தில் பொருத்தினால் பெட்ரோல் வெளியே வரும், தீ உள்ளே போகாது. தொழிற்கூடங்களுக்கான உலோகப் பாதுகாப்புக் கேன்களில் இந்த வலையும், கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ளும் சுருள்வில் மூடியும் நெடுங்காலமாக இருந்துவந்தன. வீட்டு உபயோகப் பிளாஸ்டிக் கேன்களுக்கும் இத்தகைய தீத்தடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் அமெரிக்காவில் 2020 டிசம்பரில்தான் கையெழுத்தானது. சில ரூபாய் விலையுள்ள ஒரு வலைத்துண்டுக்காக அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

கேனைச் சுற்றியே தீப்பிடித்துவிட்டால் இரண்டு பொருள்களும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. உயரடர்த்தி பாலிஎத்திலீன் 130 டிகிரி அளவில் உருகுவதால், பிளாஸ்டிக் கேன் பெட்ரோல் மட்டத்துக்கு மேலுள்ள பகுதியிலிருந்து தளர்ந்து சரிந்து, உள்ளிருப்பதைத் தீக்குக் கொடுத்துவிடுகிறது. எஃகு நெடுநேரம் தாங்கும். அழுத்தத்தை விடுவிக்கும் அமைப்பு இல்லையென்றால் அந்த உறுதியே பகையாகி, கொதிக்கும் பெட்ரோலோடு கேன் வெடிக்கும். பாதுகாப்புக் கேனின் சுருள்வில் மூடி, உள் அழுத்தம் ஓர் அளவை எட்டியதும் தானே சற்றுத் திறந்து ஆவியை வெளிவிடுவது இதற்காகவே. இத்தனையையும் எடைபோட்ட பிரிட்டன், 2014-ஆம் ஆண்டின் விதிகளில் பிளாஸ்டிக் கேனுக்கு 10 லிட்டரும் உலோகக் கேனுக்கு 20 லிட்டரும் உச்ச வரம்பாக வைத்தது. பொருத்தமான தீர்ப்பு என்றே அதைக் கொள்ளலாம். 2022-இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றி, மக்கள் கையில் கிடைத்த கேன்களோடு வரிசையில் நின்றபோது, கேன்களில் எரிபொருள் கொடுப்பதற்கே தடை வந்தது. வீடுகளில் சேமிக்கப்படும் பெட்ரோல் எந்தக் கலனில், எந்த அடுப்புக்கு அருகில் இருக்கிறது என்பது எவராலும் கண்காணிக்க முடியாத ஒன்று.

காலிக் கேனை யாரும் பெட்ரோல் கேனாகக் கருதுவதில்லை. ஆனால் அடியில் ஒட்டியிருக்கும் சில மில்லிலிட்டர் பெட்ரோலே 20 லிட்டர் கலனின் உட்புறம் முழுவதையும் எரிதகு வீச்சுக்குள் நிறுத்தப் போதுமானது. நிறைந்த கேனில் ஆவி மிகுதியால் கிடைத்த காப்பு அதற்கு இல்லை. இதனால்தான், ஓட்டை விழுந்த பெட்ரோல் டேங்க் பற்றவைப்புக்கு வரும்போது அனுபவம் மிக்க வெல்டிங் பட்டறைக்காரர் அதை முதலில் வடித்து, சோப்புநீர் விட்டுப் பலமுறை அலசி, பின்பு ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீரால் நிரப்பி, ஓட்டை மேலே இருக்கும்படி சாய்த்து வைத்துக்கொண்ட பிறகே பற்றவைப்புக் குச்சியைக் கையில் எடுக்கிறார்.